ஐந்து வயதுக் குல்லா

நாகர்கோவிலில் நான் உல்லன் நூல் வாங்கும் கடைக்காரருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு வரும். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, "இந்த வெக்கையில யாருக்கும்மா இது?" என்று தவறாமல் கேட்பார். "கனடாவுக்கு" என்பேன். அப்படிச் சொல்வதில் எனக்கு அப்போது ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

என் கணவர் அனில்குமார் கனடாவில் வின்னிப்பெக் என்ற ஊரில் இருக்கிறார். ஒரு பெரிய கிடங்கில் சூப்பர்வைசர். எங்கள் மகள் தாணுஸ்ரீக்குப் பெயர் போட்ட கையோடு விமானம் ஏறியவர், அதன்பிறகு ஒரே ஒரு தடவை வந்துபோனார். மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அவளுக்கு அப்பா என்றால் செல்போன். கட்டிலில் போன் கிடந்தால் குளிரும் என்று அதற்குத் துண்டைப் போர்த்திவிடுவாள்.

நானும் மகளும் சுசீந்திரத்துக்குத் தள்ளி, மூன்று பக்கமும் வயல் உள்ள மாமனார் வீட்டில் இருந்தோம். மாமனார் நீலகண்டன் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இந்த ஐப்பசி பிறந்ததும் கணவரின் அக்கா வந்தாள். பெயர் அழகியநாயகி. அவளும் வின்னிப்பெக்கில்தான், தம்பி வீட்டுக்கு அடுத்த தெருவில். நேரில் மைனி, நீங்க, வாங்க என்றுதான் பேசுவேன். எழுதும்போது அந்த மரியாதை கைக்கு வரமாட்டேன் என்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த அன்றைக்கே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னாள்.

"பிள்ளைக்கு விசா வந்தாச்சு. நான் போகும்போ கூட்டீட்டு போறேன். அங்க ஸ்கூல்ல எடம் பிடிச்சு வச்சிருக்கான். இப்பம் போகல்லைன்னா வேற பிள்ளைக்கு குடுத்துருவாவ. ஒனக்க விசா நடந்துட்டு இருக்கு, பொங்கலுக்குள்ள நீயும் வந்துருவ. என்னட்டி முழிக்க?"

"நான் இல்லாம இருப்பாளா மைனி?"

"நான் இல்லியா? தகப்பன் இல்லியா? ரெண்டு மாசத்துல என்ன ஆயிரப்போவுது."

மாமா சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். பேத்தியைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் வருத்தம்தான். அன்று முழுக்க அழுதேன், ஆனால் சம்மதித்தேன். சம்மதிக்க என்ன இருக்கிறது? விசாவுக்கு வேண்டும் என்று முன்பே ஒரு கட்டுக் காகிதத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. வக்கீல் பென்சிலால் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் போட்டுக் கொடுத்தேன். புருஷன் கேட்டால் போட மாட்டோமா?

பின்னல் எனக்கு யூடியூபில் வந்த வித்தை. கணவர் போன புதிதில் சாயங்காலங்கள் நீளமாக இருந்ததால் கற்றுக்கொண்டேன். ஐப்பசியில் மழை ஒரு பக்கம் கொட்டும், விட்டதும் புழுக்கம் ஏறும். வியர்த்த கையில் கம்பளி நூல் ஓடாது, ஒட்டும். உள்ளங்கையில் பவுடரைத் தட்டிக்கொண்டுதான் ஊசியைப் பிடிப்பேன். கடுகு மஞ்சள் நிறத்தில் குல்லா, காதை மூட இரண்டு பக்கமும் மடல், மோவாய்க்குக் கீழே கட்ட நாடா. அதே நூலில் கழுத்துக்கு மப்ளர். விரல் பிரியாத கையுறை ஒரு ஜோடி. அது தொலையாமல் இருக்க இரண்டையும் சேர்த்து ஒரு நீளக் கயிறு பின்னினேன். கயிற்றைச் சட்டைக்குள் விட்டால் இரண்டு கைப்பக்கமும் ஒவ்வொன்று தொங்கும். அவ்வப்போது தாணுவைக் கூப்பிட்டுத் தலையில் வைத்துப் பார்ப்பேன். அவள் கண்ணாடி முன்னால் போய் நின்று, "நான் கரடி" என்று உறுமுவாள்.

அந்தக் குல்லாவையே வளத்திக்குத் தாராளமாக விட்டுத்தான் பின்னியிருந்தேன். எங்கள் பக்கத்தில் வளர்கிற பிள்ளைக்கு யாரும் எதையும் அளவாகத் தைப்பதில்லை. பாவாடை என்றால் அடியில் மூன்று உள்மடிப்பு வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவோம். கடைசி மடிப்பைப் பிரிக்கும்போது பாவாடையின் மேல்பாதி வெளுத்தும் கீழ்ப்பாதி புதிதாகவும் இருக்கும். அதற்காக யாரும் வெட்கப்படுவதில்லை.

மைனி இந்த விஷயத்தில் எங்கள் எல்லோருக்கும் மேலே. கனடாவில் இத்தனை வருஷம் இருந்தும் பால் கவரைக் கழுவிக் காயப்போடுவாள். பார்சல் கட்டிவந்த சணலைச் சுருட்டி டப்பாவில் போடுவாள். பூக்கட்டிய வாழைநாரைக்கூட வெட்டக் கூடாது, முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவள் கையில் கத்தரிக்கோலை நான் பார்த்ததே இல்லை.

முடித்த குல்லாவை அவளிடம் கொடுத்தேன். உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தாள்.

"கொள்ளாம். வளத்திக்கும் விட்டிருக்க. ஆனா கம்பளியில மடிப்பு வச்சுத் தைக்க முடியாதுல்லா? அதுனால மூணு அளவுல போட்டுரு. இது இந்த வருசத்துக்கு. நாலு வயசுக்கு ஒண்ணு, அஞ்சு வயசுக்கு ஒண்ணு. கையுறையும் அதேபோல. அங்க போய் வாங்கினா வெலை கொஞ்சமில்ல."

சரி என்றேன். நல்ல யோசனை என்றுகூட நினைத்தேன். மறுபடியும் நாகர்கோவில் போய் நூல் வாங்கிவந்து நாலு வயதுக் குல்லாவைப் பின்னி முடித்தேன். ஐந்து வயதுக்கான கண்ணிகளை ஊசியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கை நின்றது.

ஐந்து வயதில் என் மகளின் தலை எவ்வளவு இருக்கும்? அதை நான் ஏன் இங்கே உட்கார்ந்து குத்துமதிப்பாகப் போட வேண்டும்? பொங்கலுக்குள் நான் அங்கே போய்விட்டால், என் ஊசியும் அங்கே இருக்கும், அவள் தலையும் அங்கே இருக்கும். அன்றைக்கு வைத்துப் பார்த்துப் பின்னிக்கொள்ளலாமே.

மைனி அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். போய்க் கேட்டேன்.

"மைனி, அஞ்சு வயசுக் குல்லாவை நான் அங்க வந்து போட்டுக்கிடட்டா? தலை அளவு சரியா பாத்து போடலாம்லா?"

அரிசிக்குள் இருந்த அவள் கை அப்படியே நின்றது. பிறகு களைந்த அரிசியையே மறுபடி களைய ஆரம்பித்தாள்.

"அங்க வந்தா ஒனக்கு வேலைக்கு போகாண்டாமா? ஊசியும் நூலும் பிடிச்சிட்டு இருக்க ஆருக்கு நேரம்? இப்பம் கை சும்மாதானே இருக்கு, போடு. அதையும் இதையும் நெனச்சு வெப்ராளப்படாத."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் மனசு தவித்து வெப்ராளப்படுகிறேன் என்று யார் சொன்னார்கள்? நான் தலை அளவைத்தானே கேட்டேன்.

அதன்பிறகு நான் எதையும் முன்போலப் பார்க்கவில்லை. பழக்கம் ஆகட்டும் என்று மைனி வந்த இரண்டாம் நாளிலிருந்தே பிள்ளையைத் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டாள். நல்லதுதானே என்று விட்டிருந்தேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவள் கைக்குப் போயிருந்தது. ஒருநாள் தாணு கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதாள். நான் ஓடினேன். அவள் என்னைத் தாண்டிப் பார்த்து, "நாயகி அம்மா" என்று கையை நீட்டினாள்.

"இப்படி கூப்பிட ஆரு சொல்லித் தந்தா மக்கா?" என்று கேட்டேன்.

"அப்பா" என்றாள்.

அன்று சாயங்காலம் கணவர் வீடியோவில் வந்தார். என்னிடம் மழையைப் பற்றிக் கேட்டார், நெல் விலையைக் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் போனின் ஓரத்தைப் பார்த்துப் பேசினார். அவருக்குப் பின்னால் கதவில் ஒரு ஊதா நிறக் கோட்டு தொங்கியது. இடுப்பில் பெல்ட் வைத்துக் கழுத்தில் ரோமம் வைத்த பெண்கள் கோட்டு.

"அது யாருக்க கோட்டு அத்தான்?"

திரும்பிப் பார்த்தார். "கூட இருக்கவனுக்க பெண்டாட்டிக்கது."

கூட ஒருவன் இருக்கிறான் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மறுநாள் அவர் பேசும்போது கதவில் ஒன்றும் இல்லை. கோட்டு மாட்டிய கொக்கியும் இல்லை.

கல்சிலை செதுக்கும் மயிலாடியில் இருக்கும் என் அண்ணன் ராஜகுமாரைப் போனில் கூப்பிட்டேன். சிலைகள் ஏற்றிப்போகும் வேன் வைத்திருக்கிறான். அப்பா அம்மா போனபிறகு எனக்கு இருப்பது அவன்தான். போனில் பின்னால் கல் கொத்தும் சத்தத்துக்கு நடுவே முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், அதைக் குறை சொல்லமாட்டேன்.

"தகப்பன் பிள்ளைய கூப்பிடுகான். நீயும் பின்னால போகப்போற. இதுல என்ன இருக்கு? மூணு குல்லா போடச் சொன்னாவன்னு சொன்னா கேக்கவன் சிரிப்பான் பிள்ளே. சும்மா இரு."

எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்று குல்லா, ஒரு கோட்டு. இதைத் தூக்கிக்கொண்டு எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்பேன்? எனக்கே ஒரு நிச்சயம் வேண்டியிருந்தது. நான் நினைப்பது பொய் என்று ஆகிவிட வேண்டும் என்று சுசீந்திரம் சாமியை அப்படிக் கும்பிட்டேன்.

மிச்ச நூலில் எனக்கு ஒரு குல்லா பின்னினேன். ஊர் போகும் சாமான்களை மைனி ஒரு பெரிய பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நேந்திரங்காய் சிப்ஸ், நாரத்தங்காய் ஊறுகாய், குக்கருக்கு ரப்பர் வளையம், அம்மியில் வைக்கும் குழவி மாதிரி ஒரு சின்னக் கல்கூட மயிலாடியில் வாங்கி வைத்திருந்தாள். நான் என் குல்லாவைக் கொண்டுபோய் மகளின் குல்லாக்களுக்கு மேலே வைத்தேன்.

"இது எனக்கு மைனி. அங்க வந்து எறங்கும்போ போட ஒண்ணு வேணும்லா. அத்தான் ஏர்போர்ட்டுக்கு எடுத்துட்டு வரட்டும்."

"அதுக்கென்ன, வை" என்று சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம் சேலை எடுக்க என் பீரோவைத் திறந்தேன். சேலைகளுக்கு நடுவில், நாலாக மடித்து, அந்தக் குல்லா இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாழைப்பழத்தின் எடைகூட இல்லாத குல்லா அது. குழவிக்கு இடம் இருக்கிறது, அதற்கு இடமில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இவர்கள் என்னைக் கூப்பிடப்போவதில்லை. என் மகள் நாலு வயதில் ஒரு குல்லாவும் ஐந்து வயதில் ஒரு குல்லாவும் போட்டுக்கொண்டு அங்கே வளர்வாள். அதற்குள் என்னை மறந்துவிடுவாள். மறக்கிற காலம் வரைக்கும் தேவையான கம்பளியை என் கையாலேயே பின்ன வைத்திருக்கிறார்கள்.

கேட்டுச் சண்டை போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருந்தால் மைனி அழுதிருப்பாள், கணவர் சத்தியம் செய்திருப்பார். பிறகு ஒருநாள் நான் குளித்துவிட்டு வெளியே வரும்போது பிள்ளை இருந்திருக்கமாட்டாள். அந்த நாட்களில் அவர்கள் என்னையும் அவளையும் சேர்த்து வாசல் தாண்ட விட்டதே இல்லை. கோயிலுக்கு என்றால் மைனியும் வருவாள். கடைக்கு என்றால், "மழைக்கோளா இருக்கு, பிள்ளைய விட்டுட்டு போ" என்பாள். அதனால் நான் சிரித்துக்கொண்டே ஐந்து வயதுக் குல்லாவைப் பின்னி முடித்தேன். கையுறையும் முடித்தேன்.

பிள்ளையின் பாஸ்போர்ட் மாமாவின் இரும்பு பீரோவில் இருந்தது. சாவி சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். விளக்கேற்றுகிறவள் நான். புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் மைனி குளியலறையில் தாணுவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள், மாமா முற்றத்தில் இருந்தார். விளக்கேற்றினேன், பீரோவைத் திறந்தேன், எடுத்தேன், பூட்டினேன். பாஸ்போர்ட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கும்பிட்டேன்.

எங்கே ஒளிப்பது? என் பீரோவை அவர்கள் திறக்கிறார்கள் என்பதைத்தான் அந்தக் குல்லா சொல்லிவிட்டதே. அந்த வீட்டில் எனக்கென்று மிச்சம் இருந்தது கம்பளி நூல் வைக்கும் பை மட்டும்தான்.

அறையில் உட்கார்ந்து ஐந்து வயதுக் குல்லாவின் முடிச்சைத் தேடி அவிழ்த்து இழுத்தேன். வரிசை வரிசையாகக் கழன்று வந்தது. முதலில் உச்சி போனது, பிறகு நெற்றி, பிறகு காதுமடல். நான் பார்த்திராத, இனி பார்க்கவும் முடியாத ஒரு தலை என் மடியில் கரைந்துகொண்டிருந்தது. அழுதுகொண்டே அந்த நூலைப் பாஸ்போர்ட்டின்மேல் சுற்றினேன். போதவில்லை. கையுறையையும் பிரித்தேன், வாங்கி மீந்த நூலையும் சேர்த்தேன். மூலை தெரியாத அளவுக்குச் சுற்றியதும் கொஞ்சம் நீளவாட்டில் ஒரு பெரிய நூல்கண்டு ஆனது. பைக்குள் மற்ற கண்டுகளோடு போட்டேன்.

மைனி எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சு வயசுக் குல்லாவைக் காணல்லையே?"

"நடுவுல ஒரு கண்ணி விட்டுப்போச்சு மைனி. பிரிச்சுட்டேன். திருப்பிப் போடுகேன்."

"நாளைக்கு மத்தியானம் வண்டி வந்துரும்."

"அதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றேன்.

மறுநாள் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகும் வாடகைக் கார் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. வானம் கறுத்துக் கிடந்தது. பெட்டிகள் ஏறிவிட்டன. தாணு காலையிலிருந்தே மூன்று வயதுக் குல்லாவையும் கையுறையையும் கழற்றமாட்டேன் என்று வியர்க்க வியர்க்கத் திரிந்துகொண்டிருந்தாள். நான் ஹாலில் கீழே உட்கார்ந்து, பையை மடியோடு வைத்து, வேறொரு கண்டின் நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தேன். கடைசியாகத்தான் மாமா பீரோவைத் திறந்தார்.

"பிள்ளைக்க பாஸ்போர்ட்டை காணல்லையே நாயகி."

தேடினார்கள். பீரோவைக் கவிழ்த்தார்கள், அரிசி டப்பாவைக்கூடக் கொட்டிப் பார்த்தார்கள். என் சேலைகள் எல்லாம் தரைக்கு வந்தன. மைனி காருக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"நீ எடுத்தியா?"

"நான் எதுக்கு எடுக்கேன் மைனி?"

அவள் தம்பியை வீடியோவில் கூப்பிட்டுப் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அங்கே அப்போது நடு ராத்திரி. கணவர் முகம் வீங்கியிருந்தது.

"ப்ரியா, விளையாடாத. டிக்கெட் போட்டாச்சு."

"எனக்க விசா எங்க அத்தான்?"

"அதெல்லாம் அப்பறம் பேசலாம். பாஸ்போர்ட்டை எடு."

"விண்ணப்பம் குடுத்தா ஒரு நம்பர் தருவாவல்லா. அந்த நம்பரை மட்டும் சொல்லுங்க. இப்பம் எடுத்துத் தாறேன்."

அவர் போனின் ஓரத்தைப் பார்த்தார். போனுக்குள் எங்கிருந்தோ, தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண்குரல், "கிட்டியோ?" என்று கேட்டது. கிடைத்ததா என்று மலையாளத்தில்தான் கேட்டாள். எங்கள் ஊரில் அதற்கு யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. மைனி போனை அவசரமாகத் தன் பக்கம் திருப்பினாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு முற்றத்துக்கு இறங்கிப் போனார்.

எனக்கு அழுகை வரவில்லை. அழுகை எல்லாம் முந்தின நாளே நூலோடு போய்விட்டது போலிருந்தது. மைனியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். இனி தேடாத இடம் எது என்று பார்க்கிறாள் என்பது புரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாணு என் பைக்குள் கையை விட்டு அந்தக் கண்டை எடுத்தாள். எப்போதும் செய்கிறதுதான். கண்டை உருட்டிவிட்டு நூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது அவளுக்குப் பிடித்த விளையாட்டு. நான் கை நீட்டுவதற்குள் எறிந்துவிட்டாள்.

அது உருளவில்லை. தொப்பென்று விழுந்து விழுந்த இடத்திலேயே கிடந்தது.

"அம்மா, பந்து ஓடமாட்டேங்கு" என்றாள்.

மைனி நடந்து வந்து அதை எடுத்தாள். இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, "கிடைச்சாச்சுலே" என்று தம்பியிடம் சொன்னாள். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கத்தரிக்கோல் பைக்குள்ளேயே இருந்தது. ஒரு கீறல் கீறினால் போதும். அவள் அதைக் கேட்கவில்லை. கண்டைத் திருப்பித் திருப்பி நூலின் நுனியைத் தேடினாள். நுனி கிடைத்ததும் அவிழ்க்க ஆரம்பித்தாள். விரலில் சுற்றிக்கொண்டு, சிக்கு விழாமல், நல்ல நூல் வீணாகாமல். அந்த அவசரத்திலும் வெட்ட அவளுக்கு வரவில்லை. எத்தனையோ வருஷத்துப் பழக்கம்.

நான் எழுந்து தாணுவை இடுப்பில் தூக்கினேன்.

"கரடி, வா. பஸ் பாப்போம்."

மைனி நிமிர்ந்து பார்க்கவில்லை. பாஸ்போர்ட் தன் கையில் இருக்கும்போது நான் எங்கே போய்விடுவேன் என்று நினைத்திருப்பாள். அந்த வீட்டில் நான் அப்படித்தானே இருந்திருக்கிறேன்.

முற்றத்தில் மாமா நின்றார். என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், செருப்பில்லாத என் காலைப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"மழை வருகு மக்கா. பிள்ளைக்க தலை நனையாம கொண்டுபோ" என்றார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் காரைத் தாண்டி, வயலோரத்து ரோட்டில் ஓடாமல் வேகமாக நடந்தேன். ஓடினால் பிள்ளை பயந்துவிடுவாள். திருப்பத்தை அடையும்போது வீட்டிலிருந்து மைனியின் சத்தம் கேட்டது. என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டாள், பிறகு டிரைவரைக் கூப்பிட்டாள்.

மயிலாடி போகும் டவுன் பஸ் வந்தது. கையில் போன் இல்லை, பர்ஸ் இல்லை. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம் என்பதை நினைத்தபோதுதான் எனக்கு அன்றைக்கு முதன்முதலாகக் கண் கலங்கியது. ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. கண்டக்டர் கம்பளிக்குல்லா போட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ஊட்டிக்கா?" என்றார்.

"மயிலாடி" என்றேன்.

அண்ணன் என்ன சொல்வான் என்று தெரியவில்லை. மறுபடியும் மூன்று குல்லா கதை என்று கதவிலேயே நிறுத்திவிடலாம். தகப்பன் வீட்டில் கொண்டுபோய் விடு என்று சொல்லலாம். நான் போட்ட கையெழுத்துகள் எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. இப்போது பாஸ்போர்ட்டும் இருக்கிறது. அவர்களுக்கு இனி வேண்டியது என் மடியில் இருக்கும் இவள் மட்டும்தான். விமானம் போகிற நேரம்வரை இவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இன்றைக்கு ஒரு நாள் தப்பிக்கலாம். நாளைக்கு வேறு விமானம் இருக்கும்.

தாணு சீட்டில் மண்டிபோட்டு ஏறிப் பின் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் கையுறை போட்ட கையைத் தூக்கி ஆட்ட ஆரம்பித்தாள்.

"ஆருக்கு டாட்டா காட்டுக மக்கா?"

"நாயகி அம்மா வாறா" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள்.

திரும்பிப் பார்த்தேன். மழைக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு அந்தக் கார் பஸ்ஸை ஒட்டி வந்துகொண்டிருந்தது. முன்சீட்டில் மைனி. அவள் மடியில் மஞ்சளாக ஏதோ குவிந்திருந்தது. நூலையும் விடாமல் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள்.

தாணு இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் திருப்பி மடியில் உட்கார வைத்து, இறுக்கி அணைத்துக்கொண்டு, குல்லாவைக் கண்ணுக்குக் கீழே வரைக்கும் இழுத்துவிட்டேன். வளத்திக்கு விட்டுப் பின்னியிருந்ததால் தாராளமாகவே வந்தது.